ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற ஆளுமைத் தேர்வு மனிதர்களின் குணத்தை நான்கு நான்கு ஆங்கில எழுத்துகளால் பதினாறு வகைகளாகப் பிரிக்கிறது. அந்த வகைகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஐஎன்எஃப்ஜே (INFJ), ஐஎன்எஃப்பி (INFP) என்ற இரண்டு வகைகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கடைசி எழுத்து மட்டும் வேறு என்று அதில் எழுதியிருந்தது. பெண்கள் விடுதி ஒன்றில் 19 வருஷம் வார்டனாக இருந்தவள் நான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் விடுதியில் இரண்டு பெண்கள் ஒரே அறையில் இருந்தார்கள். இருவருமே அதிகம் பேசமாட்டார்கள், இளகிய மனசு. செல்போனில் இலவசமாகக் கிடைத்த தேர்வு ஒன்றை எழுதி, இருவருக்கும் ஐஎன்எஃப்பி வந்திருக்கிறது என்று சந்தோஷமாகக் காட்டினார்கள். எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

அப்புறம் மெஸ் பில் தகராறு வந்தது. ஊருக்குப் போன நாட்களுக்கும் பணம் பிடித்துவிட்டார்கள் என்று எல்லோரும் கொதித்தார்கள். முதல் பெண் அறை அறையாகப் போனாள். யாருக்குக் கோபம், யாருக்குப் பயம் என்பதெல்லாம் ராத்திரிக்குள் அவளுக்கு அத்துப்படி. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்படி ஒரு மனுவும் தயாராகிவிட்டது. "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முழித்தாள். "அவங்களுக்கெல்லாம் சரின்னா எனக்கும் சரி மேடம்" என்றாள்.

இன்னொருத்தி கையெழுத்தே போடவில்லை. சமையல்காரர் பணத்தை அமுக்கிவிட்டார் என்று மனுவின் அடியில் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். "பாக்காம எப்படி மேடம் சொல்றது?" என்றாள், அவ்வளவுதான். அத்தனை பேர் சுற்றி நின்று கேட்டும் பேனாவைத் தொடவில்லை.

முதல் பெண் ஐஎன்எஃப்ஜே, அடுத்தவள் ஐஎன்எஃப்பி என்பது என் கணிப்பு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எட்டு வகைகளைத்தான் சொன்னார். அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் அந்தக் கடைசி எழுத்தைச் சேர்த்த பிறகுதான் அது பதினாறானது. ஒருவர் வெளியுலகத்தோடு எதைக்கொண்டு பழகுகிறார் என்பதைக் காட்டும் எழுத்து அது. ஐஎன்எஃப்ஜே ஆட்களுக்கு உணர்வு, அதாவது எது சரி என்று மனசால் முடிவெடுப்பது, வெளியே மற்றவர்களைப் பார்த்திருக்கும்; உள்ளுணர்வு உள்ளே இருக்கும். ஐஎன்எஃப்பிக்கு இரண்டுமே தலைகீழ். அவர்கள் தங்களுக்குள் இருக்கிற தராசில்தான் எதையும் நிறுப்பார்கள். கடைசி எழுத்து மாறினால் உள்ளே இருக்கிற அடுக்கே மாறிவிடுகிறது.

அப்படியானால் தேர்வு ஏன் தப்பாகச் சொன்னது? அறையை ஒழுங்காக வைத்திருப்பீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். முதல் பெண்ணின் கட்டிலில் எப்போதும் துவைத்த துணி குவிந்து கிடக்கும். அவள் உண்மையைச் சொன்னாள். ஒழுங்காக வைப்பவர் ஜே, இல்லாவிட்டால் பி என்று கணக்குப் போடும் தேர்வில் பி விழுந்துவிட்டது. இரண்டு எழுத்துக்கும் நடுவில் நூலிழையில் நிற்பவர்களுக்கு அடுத்த மாதம் எழுதினால் வேறு எழுத்தே வரலாம்.

இதை விளையாட்டு என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. எங்கள் மாணவி ஒருத்தியை ஒரு நிறுவனத்தில், உன் வகை இந்த வேலைக்குச் சரிவராது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். அவள் என் அறையில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த ஞாயிறு இந்த வித்தியாசத்தை விளக்கி ஒரு பத்தியாவது போடுங்கள். ஐஎன்டிஜே (INTJ), ஐஎன்டிபி (INTP) என்ற இன்னொரு ஜோடி விஷயத்திலும் இதே குழப்பம் இருக்கிறது, அதையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர்,
பாளையங்கோட்டை.