கேள்வியையும் போடு, பிள்ளை

அன்பு மகளுக்கு,

"வெட்டச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லையம்மா, நானே அந்த வரியை எடுத்துவிட்டேன்" என்று உன் பத்திரிகைக்கு எழுதிய செய்தியைப் பற்றி நீ சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பயம் எனக்குத் தெரியாததல்ல. 2000 ஒக்டோபரில் செய்தியாளர் நிமலராஜனை யாழ்ப்பாணத்தில் வீட்டில் வைத்தே கொன்றார்கள். 2005இல் பத்திரிகையாளர் சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். 2020இல் கூட இங்கே முல்லைத்தீவு முறிப்பில் மரக்கடத்தலைப் படமெடுக்கப் போன இரண்டு செய்தியாளர்கள் அடிபட்டு வந்தார்கள். ஆபத்து வருமென்று ஒருவரின் பெயரையோ ஊரையோ நீ மறைத்தால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் நீ எடுத்த வரி அப்படிப்பட்டதில்லையே. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், "போர் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பட்டியலைத் தாருங்கள்" என்றுதான் கேட்கிறார்கள். அதை எடுத்துவிட்டு, அவர்கள் அழுததை மட்டும் விட்டிருக்கிறாய். நானும் அந்தப் பந்தலில் இருந்திருக்கிறேன். கமரா வந்தால் நிதானமாகப் பேசுகிற தாயை விட்டுவிட்டு அழுகிறவரிடம்தான் போகும். அடுத்த நாள் பேப்பரில் முகம் இருக்கும், கேள்வி இருக்காது. கேள்வி அச்சில் வந்தால்தானே யாராவது பதில் சொல்லவேண்டி வரும்?

ஏன் எடுத்தாய் என்று யோசித்துப் பார்த்தேன். உன்னோடு வேலைக்குச் சேர்ந்த பொடியனுக்கு நிரந்தர நியமனம், பாராளுமன்றச் செய்தி. உனக்குப் பெண்கள் பக்கமும் பரிசளிப்பு விழாவும். சம்பளமும் அவனைவிடக் குறைவு, நியமனக் கடிதமும் இல்லை. நாளைக்கு வரவேண்டாம் என்று ஒரு சொல்லில் அனுப்பக்கூடிய நிலையில் இருக்கிற பிள்ளை ஆசிரியரோடு எப்படி வாதாடும்? வன்னியில் இருக்கிற நிருபர்கள் பலருக்கும் செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. போடாத செய்திக்குக் காசில்லை என்றால், போடக்கூடியதைத்தானே அனுப்புவார்கள்? அதனால் உனக்குத் தைரியம் இல்லையென்று உன்னையே திட்டாதே. உன்னை அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதைத்தான் முதலில் மாற்றவேண்டும்.

நியமனக் கடிதத்தை எழுத்தில் கேள். உன்னைப்போலவே இருக்கிற மற்றப் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கேள், தனியாகப் போகாதே. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உன் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் போட்டுக் கட்டவேண்டும். தற்காலிக ஊழியர் என்று சாட்டுச் சொல்ல முடியாது. கட்டவில்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

அப்புறம் அந்த வரி. அடுத்த செய்தியில் அதை மேலே போட்டுக் கொடு. எடுக்க விரும்பினால் அவர்களே எடுக்கட்டும், ஏன் எடுத்தார்கள் என்று கேள். வாயால் சொன்னால் திகதி போட்டுக் குறித்து வை.

நேரத்துக்குச் சாப்பிடு. என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா