எந்த ராதிகா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் பேத்தி பள்ளிக்கூடத்தால் வரும்போது ஒரு பிரிஸ்டல் போட்டைச் சுருட்டி றப்பர் பாண்ட் போட்டுக் கொண்டுவந்தாள். தரம் எட்டு, குடியுரிமைக் கல்வி, தலைப்பு ‘பொதுவாழ்வில் முன்னின்ற ஒரு தமிழ்ப் பெண்’. தன்னுடைய பெயர் ராதிகா என்பதால் அந்தப் பெயரிலேயே ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அதில் பிழை ஒன்றும் இல்லை, நானும் அந்த வயதில் என் பெயரை எங்கே அச்சில் கண்டாலும் இரண்டு தரம் வாசிப்பேன். விரித்துப் பார்த்தேன். மேலே சிவப்புப் பேனையால் பெரிய எழுத்தில் ‘ராதிகா குமாரசுவாமி’. அதன் கீழே காலி வீதிக் கொமியூனிகேஷன் கடையில் எடுத்த கலர் பிரிண்ட், பட்டுச்சேலை கட்டி நெற்றி நிறையப் பொட்டு வைத்த நடிகை ராதிகா. அதற்கும் கீழே இவளுடைய உருண்டைக் கையெழுத்தில்: இலங்கையில் பிறந்தார், அமெரிக்காவில் சட்டம் படித்தார், 2011இல் கனடா நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார், பல தொலைக்காட்சித் தொடர்களைத் தயாரித்தார்.

மூன்று பேருடைய வாழ்க்கையை ஒரே பெண் வாழ்ந்து முடித்திருக்கிறா. ஓரத்தில் டீச்சரின் பச்சைப் பேனை, பத்துக்கு எட்டு. குறைத்த இரண்டும் எழுத்துப் பிழைக்காம்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். “இவா நடிகை பிள்ளை” என்று சொன்னதற்கு, “ராதிகா எண்டு அடிச்சா இவாதானே அம்மம்மா முதல்ல வாறா” என்றாள். அப்புறம் யோசித்துப் பார்த்தால் பிள்ளையையோ டீச்சரையோ குறை சொல்லி என்ன பயன், வீட்டில் நாங்கள் வாங்கும் பத்திரிகைகளே (உங்களுடையதும் சேர்த்துத்தான், கோபிக்க வேண்டாம்) ஒரு பெண்ணைப் பற்றி எழுதும்போது தலைப்பில் ஒற்றைப் பெயரைப் போட்டுவிட்டு, உள்ளே நாலாம் பந்தியில்தான் அவர் யார் என்று சொல்கின்றன, சில வேளை அதுவும் இல்லை.

அந்த மூன்று பேரையும் ஒருக்கால் பிரித்து வைத்துப் பாருங்கள். ராதிகா குமாரசுவாமி, பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றி விசாரிக்க ஐ.நா. நியமித்த முதலாவது விசேட அறிக்கையாளர், 1994 முதல் 2003 வரை. வீட்டுக்குள் நடக்கும் அடி உதை குடும்ப விவகாரம், அதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று பல நாடுகள் கையை விரித்துக்கொண்டிருந்த காலத்தில், அதற்கு அரசும் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்று நாடு நாடாகப் போய் அறிக்கை எழுதியவர். பிறகு இங்கே இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தலைவர், 2006இலிருந்து 2012 வரை சிறுவர்களும் ஆயுத மோதலும் பற்றிய ஐ.நா. செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதி, அதற்குப் பிறகு மியன்மார் பற்றிய உண்மை கண்டறியும் குழுவில் மூன்று பேரில் ஒருவர். இவ்வளவு செய்தவரை என்னோடு கோயிலுக்கு வரும் ஒரு அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் கடைசியில் சொல்ல வேண்டி வந்தது என்ன தெரியுமா? “மத்திய வங்கி ஆளுநராக இருந்த இந்திரஜித் குமாரசுவாமியின்ட சகோதரி.” அவர் ஆளுநரானது 2016இல், அக்கா தங்கை முறை ஒருபுறம் இருக்க, இவர் ஐ.நா.வில் பதவி ஏற்றது அதற்கு இருபது வருசத்துக்கு மேல் முந்தி. சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ராதிகா சிற்சபேசன் வேறு. மல்லாகத்தில் பிறந்து சின்ன வயதிலேயே கனடா போனவர், 2011 மே மாதம் புதிய ஜனநாயகக் கட்சியில் ஸ்காபுறோ றூஜ் ரிவர் தொகுதியில் வென்று, கனடா நாடாளுமன்றத்துக்குப் போன முதலாவது தமிழர். முதலாவது தமிழ்ப் பெண் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆண், பெண் இரண்டு பக்கத்திலும் அவர்தான் முதல். 2015இல் தோற்றுப்போனார், அதோடு எங்களுடைய செய்திகளிலிருந்தும் போய்விட்டார். மூன்றாவது ராதிகாவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை, எம்.ஆர். ராதாவின் மகள், தாயார் இலங்கையர், 2024இல் விருதுநகரில் பாரதிய ஜனதா சார்பில் நின்று தோற்றவர், ஆகையால் அவரும் பொதுவாழ்வில் இருப்பவர்தான். அவர் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, அவருடைய தொடர் போகும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ரெலிபோன் அடித்தால்கூட எடுக்க மாட்டோம்.

இதில் ஒரு வேடிக்கை, ஆங்கிலம் வாசிப்பவருக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு. கனடா ராதிகா தன் பெயரை ‘ரீ எச்’ (th) போட்டு எழுதுபவர், எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம் அது. மற்ற இரண்டு பேரும் ‘டீ எச்’ (dh). தமிழில் வந்தால் மூன்று பேரும் ஒரே ராதிகா, எங்கள் எழுத்து அப்படி. ஆகவே தமிழில் எழுதுகிறவர்தான் கூடக் கவனமெடுக்க வேண்டும், நடப்பதோ தலைகீழ். இரண்டாவது பெயரையும் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள்: சிற்சபேசன், சிற்சபைஈசன், குமாரசாமி, குமாரசுவாமி, குமாரஸ்வாமி. பிள்ளை எதைத் தட்டித் தேடும்?

ஆண்களையும் ஒற்றைப் பெயரில்தானே எழுதுகிறோம் என்று நீங்கள் சொல்லலாம். சரி, எழுதுகிறீர்கள், ஆனால் குழம்பும் என்று தெரிந்தால் உடனே சுதாரித்துக்கொள்கிறீர்கள். ஒரே கட்சியில் கஜேந்திரகுமார் ஒருவர், கஜேந்திரன் ஒருவர். இத்தனை வருசத்தில் ஒருவர் பேசியதை மற்றவர் வாயில் போட்ட செய்தியை நான் கண்டதில்லை, ஒருவருக்குப் பொன்னம்பலம், மற்றவருக்கு ‘செ.’ என்று எப்படியோ ஒரு வேலி போட்டுவிடுகிறீர்கள். பழைய தலைவர்களில் பொன்னம்பலத்தை ஜீ.ஜீ., செல்வநாயகத்தை எஸ்.ஜே.வி. என்று முதலெழுத்தை வைத்தே அடையாளம் காட்டிப் பழகிய பத்திரிகை உலகம் இது. பெண் என்றால் மட்டும் அந்த முதலெழுத்து எங்கே போய் விழுகிறது என்று தெரிவதில்லை.

கொஞ்சக் காலத்துக்கு முன் இங்கே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன், எந்த மண்டபம் யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். பேசிய இளைஞர் நல்லாகவே பேசினார், ஆனால் யாழ்ப்பாண மேயர் யோகேஸ்வரி சுட்டுக் கொல்லப்பட்டார் என்று கணீரென்று சொல்லிவிட்டுப் போனார். முன்வரிசையில் நரைத்த தலைகள் ஒன்றையொன்று பார்த்தன, ஒருவரும் திருத்தவில்லை, நானும்தான். கொல்லப்பட்டவர் சரோஜினி யோகேஸ்வரன். கணவர் வெ. யோகேஸ்வரன் 1989 ஜூலையில் கொழும்பில் தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கத்தோடு சேர்த்துச் சுடப்பட்டார். அதற்குப் பிறகும் இந்தப் பெண் அரசியலை விட்டுப் போகாமல், 1998 ஜனவரித் தேர்தலில் நின்று யாழ்ப்பாணத்தின் முதலாவது பெண் மேயராக வந்து, நாலு மாதம்கூட நாற்காலியில் இருக்கவில்லை, மே 17ஆம் திகதி கொன்றுவிட்டார்கள். யோகேஸ்வரி பற்குணராஜா 2009 தேர்தலுக்குப் பிறகு மேயராக வந்தவர், வேறு கட்சி, வேறு காலம். கணவரின் பெயரால் ஒருவர் அறியப்பட, அதே பெயரின் பெண்பாலைத் தன் சொந்தப் பெயராக வைத்திருந்தவர் பதினொரு வருசம் கழித்து அதே கதிரைக்கு வர, அந்த இளைஞர் பாவம், ஒருவருடைய சாவைத் தூக்கி மற்றவர் தலையில் வைத்துவிட்டார். இப்போது மேயராக இருப்பவர் மதிவதனி விவேகானந்தராஜா. தமிழ்நாட்டில் திராவிடர் கழகத்து மேடைகளில் ஒரு மதிவதனி பேசுகிறார். இனி அந்த இரண்டு பேரையும் ஒன்றாக்கிப்போடாமல் இருந்தால் சரி.

கணவர் பெயர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கொழும்பில் ‘சரவணமுத்து’ என்றால் ஓட்டோக்காரர்கூட நேரே பி. சரா கிரிக்கெட் மைதானத்தில் கொண்டுபோய் இறக்குவார். அது பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர். அவருடைய சகோதரர் டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பின் முதலாவது மேயர், 1937. இந்த டொக்டரின் மனைவி நேசம், கொழும்பு வடக்கில் 1932இல் நின்று வென்று அரசாங்க சபைக்கு (சுதந்திரத்துக்கு முந்திய சட்டசபை) போனவர். கணவர் வென்ற தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, அந்த இடத்துக்கு நடந்த இடைத்தேர்தல் அது. அரசாங்க சபையில் இருந்த முதலாவது தமிழ்ப் பெண். பழைய குறிப்புகளில் பெரும்பாலும் ‘திருமதி சரவணமுத்து’தான். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எனக்கே ‘நேசம்’ என்ற அந்தச் சின்னப் பெயர் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

என் சொந்தக் கதையும் இதுதான். என் பெயர் சாந்தி. நான் வேலை பார்த்த திணைக்களத்தில் ஒரே மாடியில் மூன்று சாந்திகள்: பெரிய சாந்தி, மட்டக்களப்புச் சாந்தி, நான் கண்ணாடிச் சாந்தி. இருபத்தெட்டு வருசம் அப்படித்தான் ரெலிபோனில்கூடக் கூப்பிட்டார்கள். கலியாணத்துக்கு முன் அப்பாவின் முதலெழுத்து, பின் கணவருடைய முதலெழுத்து, நியமனக் கடிதத்தில் ஒன்று, அடையாள அட்டையில் மற்றது, ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தபோது இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடிக்கச் சொன்னார்கள். நான் நான்தான் என்று முத்திரை ஒட்டி ஒப்பமிட்டேன். அவர் நல்ல மனிசன், காசு வாங்கவில்லை, ஆனால் அதிலும் என் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்திருந்தார், திரும்பப் போனேன். போதாததற்கு பொதுவாழ்விலும் எனக்குச் சாந்திகள் இருந்தார்கள், ‘விழுது’ அமைப்பின் சாந்தி சச்சிதானந்தம், பிறகு 2015இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தேசியப்பட்டியலில் எம்.பி. ஆன சாந்தி சிறீஸ்கந்தராசா. லண்டனிலிருந்து ஒரு பழைய சிநேகிதி எடுத்து, “எடி, நீ எம்.பி.யாமே, சொல்லவே இல்லை” என்றாள். ஒரு நிமிசம் சந்தோசமாகத்தான் இருந்தது.

2024 நவம்பரிலும் அதே கூத்து. அம்பிகா நாடாளுமன்றம் போகிறார் என்று செய்தி வந்ததும் எங்கள் மாடிவீட்டுக்காரர், மனித உரிமைகள் ஆணைக்குழுவில் இருந்து சிறைச்சாலைகள் பற்றிய அந்தப் பெரிய ஆய்வைச் செய்வித்த சட்டத்தரணி அம்பிகா சற்குணநாதன்தான் என்று நினைத்து, “திசைகாட்டியில கேட்டவவா?” என்று (அது தேசிய மக்கள் சக்தியின் சின்னம்) கேட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். போனவர் பதுளையில் வென்ற அம்பிகா சாமுவேல். அவரும் நுவரெலியாவில் வென்ற கிருஷ்ணன் கலைச்செல்வியும்தான் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள். இருநூறு வருசம் தோட்டங்களில் உழைத்த சனத்தில் முதல் முறையாக இரண்டு பெண்கள் அங்கே போய் உட்காருகிறார்கள், நாங்கள் அவரை யாரோ என்று நினைத்துக்கொண்டு படியில் நின்று கதைக்கிறோம்.

ஆகவே ஆசிரியர் ஐயா, கேட்பது பெரிய விசயம் இல்லை. தலைப்பில் இடம் காணாது என்றால் விடுங்கள், செய்தியின் முதல் வரியில் அந்தப் பெண் தன்னை எப்படி எழுதுகிறாரோ அப்படி முழுப்பெயரையும் போடுங்கள், அப்பா பெயரோ கணவர் பெயரோ அது அவருடைய விருப்பம். கூடவே அவர் செய்கிற வேலையைச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு வேண்டுமென்றால் யாருடைய சகோதரி என்று சொல்லலாம். ஒருமுறை ‘சிற்சபேசன்’ என்று எழுதினால் அடுத்த முறையும் அப்படியே எழுதுங்கள். படத்தின் கீழ் பெயரை முழுதாகப் போடுங்கள், பிள்ளைகள் படத்தைத்தான் முதலில் வெட்டி எடுக்கிறார்கள்.

போட்டைத் திரும்பச் செய்கிறோம். படத்தைக் கிழித்ததில் பசையோடு மேல்தாளும் வந்துவிட்டது, அந்த இடத்தில் கன்னம் மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. இப்போது ஒரே போட்டில் மூன்று ராதிகாவையும் கோடு பிரித்து எழுதப் போகிறாளாம், நாலாவதாக அடியில் தன்னுடைய படத்துக்கும் இடம் விட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
சாந்தி (ஓய்வுபெற்ற அரச ஊழியர்),
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பி.கு.: பிரசுரித்தால் தயவுசெய்து ‘சாந்தி, வெள்ளவத்தை’ என்று மட்டும் சுருக்க வேண்டாம். எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு சாந்தி இருக்கிறார், போன வருசம் தண்ணீர்க் கட்டணம் பற்றி நான் எழுதியதற்குப் பாராட்டெல்லாம் அவருக்குத்தான் போனது, அவரும் மறுக்கவில்லை.