144 முனைகளுக்கு ஒரு நன்றி மடல்

பெரம்பூரில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும், தெருவைத் தாண்டிக் கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

14 மாதங்களாக என் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் “இன்னுமா முடியவில்லை?” என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். என் ஒட்டுத்துணிப் போர்வை முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓரத்தையும் மடித்துத் தைத்து, ஒரு முறை அலசி, மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். கீழேயிருந்து பார்த்த பால்காரர் “புது மெத்தை விரிப்பா அம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தால் அவருடைய பால் திரிந்திருக்கும்.

உங்களுக்கு மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன். ஏனென்றால் உங்களில் பாதிப் பேருக்கு எதற்கு உதவினோம் என்பதே தெரியாது.

நான் 27 வருடங்களாக ரவிக்கை தைக்கிறேன். துணியைத் தொட்டாலே எவ்வளவு சுருங்கும் என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம்தான் முதல் அடி வாங்கியது. இந்தப் போர்வைக்கு நான் எடுத்துக்கொண்ட பேப்பர் பீசிங் என்பது, படத்தைத் தாளில் அச்சிட்டு, அந்தக் கோட்டின் மேலேயே தாளையும் துணியையும் சேர்த்து மிஷினில் தைப்பது. எல்லாம் தைத்து முடித்த பிறகு தாளைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். அளந்து வெட்டித் தைத்தால் மழுங்கிப்போகும் முனைகள் இந்த வழியில் ஊசி போல வரும். நான் ஆசைப்பட்டது மாலுமித் திசைகாட்டி என்ற வடிவத்துக்கு. ஒரு வட்டத்துக்குள் 16 முனைகள். அப்படி 9 கட்டங்கள், ஒவ்வொன்றும் நான்கு கால்பகுதித் தாள்களாக. பெருக்கிப் பார்த்துவிட்டுத் தொடங்கியிருந்தால் தொடங்கியே இருக்க மாட்டேன்.

முதல் நன்றி என் நாத்தனார் மகளுக்கு. இங்கிலாந்திலிருந்து ஆசையைக் கிளப்பிவிட்டவள் அவள்தான். முதல் மாதத்தை வீணடித்தவளும் அவள்தான். “பேப்பர் பீசிங் கற்றுக்கொள்ளுங்கள் அத்தை” என்று தொலைபேசியில் சொன்னாளே தவிர, அதே பெயரில் இரண்டு வேலைகள் உண்டு என்று சொல்லவில்லை. நான் அறுகோணமாகத் தாள் வெட்டி, அதன்மேல் துணியை மடித்து நூலோட்டி, கையாலேயே ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டிருந்தேன். அது பழைய முறை. 1718 என்று ஆண்டு போட்ட பட்டுப் போர்வை ஒன்று அங்கே குவில்ட் (ஒட்டுப்போர்வை) சங்கத்திடம் இருக்கிறது. அதையும் இப்படித் தாள் வைத்துத்தான் தைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பழைய கடிதம், கணக்குச் சீட்டு, பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள் எல்லாவற்றையும் வெட்டி உள்ளே வைத்தார்கள். சில போர்வைகளில் தாளை எடுக்காமலே விட்டுவிட்டார்கள். அதிலிருக்கும் எழுத்தைப் படித்துப் போர்வையின் வயதை ஓரளவு கணிக்கிறார்களாம். அழகான வேலைதான். ஆனால் என் திசைகாட்டிக்கு ஆகாது. 42 அறுகோணங்கள் இன்னும் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. வேண்டுபவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

சரியான முறைக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. கோடு தாளின் ஒரு பக்கம் இருக்கும், துணி மறுபக்கம் இருக்கும். முதல் துண்டைத் தாளின் அடியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோட்டைத் தாண்டி எல்லாப் பக்கமும் கால் இன்ச் துணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் துண்டை அதன் முகத்தோடு முகம் சேர்த்துக் கவிழ்க்க வேண்டும். பிறகு தாளைத் திருப்பி, துணியே கண்ணில் படாமல், கோட்டை மட்டும் பார்த்துத் தைக்க வேண்டும். தைத்து விரித்தால்தான் தெரியும், துண்டு போதுமா போதாதா என்று. என் முதல் நாளில் 6 துண்டுகளில் 4 போதவில்லை. சாய்வான துண்டு விரியும்போது நாம் நினைத்த பக்கம் போகாது, நினைக்காத பக்கம் போய் உட்காரும். தப்பாகத் தைத்ததைப் பிரிப்பதோ அதைவிடப் பாவம். தாள் எளிதாகக் கிழிய வேண்டும் என்பதற்காகத் தையலை ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சுருக்கியிருக்கிறேன். இன்ச்சுக்கு 17 தையல். பிளேடு வைத்துப் பிரித்தால் தாளும் சேர்ந்து கிழியும். கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டினால், இஸ்திரிப் பெட்டி அதன்மேல் பட்டதும் டேப் உருகிப் பெட்டியில் பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம்விட என்னைப் படுத்தியது இடவல மாற்றம். அச்சில் இருக்கும் படம் துணியில் கண்ணாடிப் பிம்பமாக விழும். என் முனைகள் ஒவ்வொன்றும் பாதி அடர்த்தி, பாதி வெளிர்; அதனால்தான் புடைத்து நிற்பதுபோலத் தெரியும். முதல் கட்டத்தில் மூன்று கால்பகுதிகளுக்கு நிழல் ஒரு பக்கம், நான்காவதற்கு மறுபக்கம். நடுவில் எனக்கு ஞானம் வந்து திருத்தியதாக நினைத்ததன் பலன் அது.

அந்தக் கட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தபோதுதான், மோட்டார் அறைச் சாவியைக் கொடுக்க மாடிவீட்டு ஐயா வந்தார். அவர் லெட்டர்பிரஸ் அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்போசிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். என்ன பிரச்சினை என்று கேட்டார். சொன்னேன். “அம்மா, இது எங்கள் தொழில் ஆயிற்றே” என்று சிரித்தார்.

மறுநாள் காலையில் ஒரு மூக்குப்பொடி டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே பஞ்சின்மேல் ஓர் ஈய எழுத்து. தீக்குச்சியில் பாதி உயரம். தலைப்பில் ‘ழ’, ஆனால் இடவலம் மாறி. என் உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கட்டைவிரலால் தடவினேன். உடம்பில் ஒரு பக்கம் மட்டும் சின்னப் பள்ளம் இருந்தது.

“இதற்கு நிக் என்று பெயர். நாங்கள் ஒவ்வோர் எழுத்தையும் மனசுக்குள் திருப்பிப் படித்துக்கொண்டிருக்க மாட்டோம். அப்படிச் செய்தால் ஒரு நாளில் ஒரு பக்கம்கூட முடியாது. பள்ளம் எந்தப் பக்கம் என்று விரல் சொல்லும், எழுத்து நேராக நிற்கும். உங்கள் தாளுக்கும் ஒரு பள்ளம் போடுங்கள்.”

அவ்வளவுதான். ஒவ்வொரு தாளிலும் வெளி விளிம்பில், நடுவிலிருந்து தள்ளி, கத்தரியால் ஒரு சின்ன முக்கோணம் வெட்டினேன். வெட்டு என் வலக்கைப் பக்கம் இருந்தால் நான் பார்ப்பது கோட்டுப் பக்கம். இடக்கைப் பக்கம் வந்தால் துணிப் பக்கம். அன்றிலிருந்து நான் எதையும் மனசுக்குள் திருப்பவில்லை. ஐயா அதோடு விடவில்லை. 36 தாள்களையும் வாங்கிப்போய், நான் நிறம் குறித்திருந்ததைப் புரூஃப் பார்ப்பதுபோலப் பார்த்து, 5 இடங்களில் சிவப்பு மையால் நீக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஐந்தும் தப்புதான். என் ரவிக்கைகளைக் கூட யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

அந்தத் தாள்களும் அவர் கண்டுபிடித்தவைதான். ஜெராக்ஸ் தாள் தடிமன். கிழிக்கும்போது தையலையும் இழுத்துத் தளர்த்திவிடும். அவர் தன் பழைய நண்பரிடமிருந்து பில் புத்தகத்துக்கு வாங்கி மிச்சமான மெல்லிய தாள் ஒரு கட்டு வாங்கி வந்தார். அதற்கு முன்பு நான் பழகியது மாமியாரின் தினசரி காலண்டர் தாள்களில். விபூதி, குங்குமம் மடிக்க என்று அவர் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த கட்டு அது. பாதியைக் கேள்வி கேட்காமல் கொடுத்தார். கிழிப்பதற்கென்றே பிறந்த தாள், அருமையாகக் கிழிந்தது. இஸ்திரி போட்டதும் அச்சு மை துணியில் இறங்கி, வெள்ளைத் துண்டில் எமகண்டம் மங்கலாக, இடவலம் மாறித் தெரிந்தது. “எமகண்டத்தையே திருப்பிப் போட்டுவிட்டாய்” என்றார் மாமியார். அதற்கும் நன்றி அம்மா.

அச்சிட்ட கதை ஒன்று உண்டு. முதலில் போன கடையில் (எந்தக் கடை என்று கேட்காதீர்கள்) படத்தைத் தாளுக்குள் அடங்கும்படி இயந்திரமே சுருக்கிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். 6 இன்ச் துண்டு கிட்டத்தட்டக் கால் இன்ச் குறைந்து போனது. இரண்டு கட்டம் தைத்த பிறகுதான் ஏன் எதுவும் எதனோடும் சேரவில்லை என்று புரிந்தது. படத்தின் ஓரத்தில் ஓர் இன்ச் கட்டம் ஒன்று இருக்கும். அதை ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கத்தான் அது இருக்கிறது. ரயில் நிலையம் பக்கத்துக் கடைத் தம்பிக்கு இதைச் சொன்னபோது, தானே ஸ்கேலை எடுத்து அளந்தார். மெல்லிய தாள் இயந்திரத்தில் சிக்கிக்கொண்டதால், 36 தாள்களையும் ஒவ்வொன்றாகக் கையால் உள்ளே விட்டார். வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். அவர்களுக்கும் என் நன்றியும் மன்னிப்பும்.

படிக்கட்டுக்குக் கீழே மிஷின் போட்டிருக்கும் தையற்கார அண்ணன் ஒருவர்தான் தாளோடு தைப்பதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ஜார்ஜெட் சுருங்காமல் இருக்க அவர் எத்தனையோ முறை செய்தித்தாளை அடியில் கொடுத்துத் தைத்திருக்கிறார். “14ஆம் நம்பர் ஊசி போடுங்கள், தாள் நன்றாக ஓட்டை விழும். ஆனால் தாள் தைத்த ஊசியோடு யாருடைய பட்டு ரவிக்கையையும் தொட்டுவிடாதீர்கள், முனை போயிருக்கும்” என்றார். பழைய ஊசிகள் ஒரு டப்பா கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இஸ்திரி வண்டி அக்கா சொன்னது மூன்றே வார்த்தை: “இழுக்காதே, வைத்து எடு.” ஒட்டுத்துணியில் இழுத்துத் தேய்த்தால் சாய்வு வெட்டு நீண்டு, முனை வளைந்துவிடும். வெட்டுவதற்கு முன்பு துணியைக் கஞ்சியில் முக்கி எடுக்கச் சொன்னதும் அவர்தான். வடித்த கஞ்சி போட்டு விறைத்த பருத்தி, தாள் மாதிரியே சொன்ன பேச்சுக் கேட்டது. ஐப்பசி மழையில் தாளே நமுத்துத் துணி மாதிரி ஆனபோது, கஞ்சித் துணிதான் வேலையைக் காப்பாற்றியது.

துணி விஷயத்தில் தெருவுக்கே ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். நவராத்திரிக்கு நீங்கள் வெற்றிலை பாக்கோடு கொடுத்த ரவிக்கைத் துணிகள் 31 என்னிடம் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். சாம்பலாக உதிர்ந்தது 9, மற்றவை முத்து முத்தாக உருகின. அந்த 9ல் ஒன்று, மூன்று வருடத்துக்கு முன்பு நானே ஒருவருக்குக் கொடுத்த மஞ்சள் துணி. தெருவைச் சுற்றி வந்து என்னிடமே சேர்ந்திருக்கிறது. அது இனிச் சுற்றாது; நான்காவது கட்டத்தில் கிழக்கு முனையாக இருக்கிறது.

மீதிக்குக் கோடவுன் தெருவுக்குப் போனேன். மொத்த வியாபாரத் தெருவில் அரை மீட்டர் கேட்பவளை ஏற இறங்கத்தான் பார்ப்பார்கள். ஒரு பெரியவர் மட்டும் கட் பீஸ் மூட்டையை அவிழ்த்துவிட்டு, “பொறுக்கிக்கொள்ளுங்கள்” என்று ஸ்டூலும் போட்டார். பொறுக்கும்போது, நாத்தனார் மகள் சொன்ன அந்த 1718 போர்வை நினைவுக்கு வந்தது. அதற்கு மூன்று வருடம் கழித்து, 1721ல், அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் இங்கிலாந்து தடைச் சட்டம் போட்டது. இந்தியப் பருத்தி அங்கே அவ்வளவு குடைச்சல் கொடுத்திருந்தது. 1734ல் இங்கே சிந்தாதிரிப்பேட்டையை நெசவாளர்களுக்காகவே உருவாக்கினார்கள். இங்கிலாந்துக்காரர்கள் தடை போட்ட நம் ஊர்த் துணியை அவர்கள் ஊர்த் தையலில் தைக்கிறேன் என்று பெரியவரிடம் சொன்னேன். “சாயம் போகும், முதலில் தண்ணீரில் போடுங்கள்” என்றார். போட்டேன். மெட்ராஸ் செக்ஸ் என்ற கட்டம்போட்ட துணியின் சிவப்பு வாளி முழுக்க இறங்கியது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் இப்படிச் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி விற்றார்களாம். என் வெள்ளைத் துணி அந்தப் பெருமைக்குத் தயாராக இல்லை. செக்ஸைத் தனியாக மூன்று தண்ணீர் அலசினேன்.

வட்டத்தைச் சதுரத்துக்குள் வைத்துத் தைப்பதுதான் கடினம் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். எனக்கு அது மட்டும் தண்ணீர்பட்ட பாடு. ரவிக்கைக்குக் கை வைப்பதும் அதே வளைவுதானே. 27 வருடத்து வேலை அந்த ஓர் இடத்தில் வந்து நின்றது.

ஏழாவது கட்டத்தில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், இரண்டு பாதிகளின் முனைகளிலும் குண்டூசியைச் செங்குத்தாக இறக்கி, பொருத்தித் தைத்து, விரித்தேன். நான்கு முனைகளும் ஒரே புள்ளியில் வந்து தொட்டன. பிரிக்க வேண்டியதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மாடிக்குப் போய் ஐயாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டு, திருப்பி முதுகுப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, “அச்சுக்குப் போகலாம்” என்றார்.

போர்வையின் நடுவே பஞ்சு இல்லை. சென்னைக்கு எதற்குப் பஞ்சு? என் அம்மாவின் நூல்புடவை ஒன்றை இரண்டாக மடித்து வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு: ஆறு மாதமாகச் சாப்பாட்டுத் தட்டிலும் சட்டைப் பையிலும் தாள் துணுக்குகளைப் பொறுக்கியதற்கும், ரசத்தில் ஒன்று மிதந்தபோது கறிவேப்பிலை போல எடுத்து ஓரமாக வைத்ததற்கும் நன்றி.

மூலைகளில் சிக்கிய தாளை எடுக்க யாரோ ஒருவர் ஓர் இடுக்கி கொடுத்தீர்கள். நீலப் பிடி, ஒரு கால் கொஞ்சம் வளைந்தது. கொடுத்தவர் யார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. வாசல் அலமாரியில் வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் தம்பி, உங்களுக்கு 40 ரூபாய் பாக்கி, திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் தெரு ரவிக்கைக்காரி