நகல் என்று ஒதுக்கிவிடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, எகிப்தின் லக்சர் நகரப் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் பண்டைய எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறையின் நகலை, 'போலியைப் பார்க்கவா இத்தனை தூரம்?' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது உறுத்தியது. நான் அசல், நகல் இரண்டையும் பார்த்தவன்.

1922-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அந்தக் கல்லறை மிகச் சின்னது. ஓவியம் இருப்பதும் சவப்பெட்டி இருக்கும் அறையில் மட்டும்தான். நான் போன அன்று உள்ளே தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். எனக்கு முன்னால் நின்றவரின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அத்தனை பேர் வேர்வையும் மூச்சும் அந்த அறைக்குள்ளேதானே சுற்றும்?

ஈரம் என்ன செய்யும் என்பதற்கு அரசி நெஃபர்தாரியின் கல்லறையே சாட்சி. அங்கே பாறையில் உப்பு அதிகம். ஈரம் பட்டால் கரையும், காய்ந்தால் படிகமாகி, மேற்பூச்சை உள்ளிருந்தே தள்ளும். வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிருமே, அதேதான். இங்கே உதிர்வது 3,200 ஆண்டு பழைய ஓவியம். கலைப்பொருள் பாதுகாப்பில் ஈடுபடும் அமெரிக்காவின் கெட்டி நிறுவனமும் எகிப்தியத் தொல்லியல் துறையும் 1986 முதல் 1992 வரை உழைத்து அதைக் காப்பாற்றின. 1995-இல் திறந்தபோது நாளுக்கு 150 பேரைத்தான் விட்டார்கள். அந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

துட்டன்காமன் கல்லறையின் நகல், கார்ட்டர் தங்கியிருந்த வீட்டருகே 2014-இல் திறக்கப்பட்டது. ஃபாக்டம் ஆர்ட்டே நிறுவனத்தார் அசல் சுவர்களை அங்குலம் அங்குலமாக ஸ்கேன் செய்து உருவாக்கியது. நான் போனபோது காவலரைத் தவிர யாருமில்லை. சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்று நிதானமாகப் பார்த்தேன்.

கட்டுரையாளர் தவறவிட்ட ஒன்றும் அங்கே இருக்கிறது. சவப்பெட்டியைச் சுற்றியிருந்த பெரிய மரப்பேழைகளை வெளியே எடுக்க, கார்ட்டர் குழுவினர் தென்சுவரின் ஒரு பகுதியை உடைத்தார்கள். ஐசிஸ் தேவி அரசனை வரவேற்கும் ஓவியம் அதில் இருந்தது. அசல் கல்லறையில் இன்று அதைக் காண முடியாது. உடைக்கும் முன் குழுவின் புகைப்படக்காரர் ஹாரி பர்ட்டன் எடுத்த புகைப்படங்களை வைத்து, நகலோடு சேர்த்து அதையும் மீட்டுருவாக்கி வைத்திருக்கிறார்கள். ஐசிஸைப் பார்க்க அந்தப் 'போலி'க்குத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி