தொப்பியைப் பள்ளி வாசல் வரை விட்டுவையுங்கள்: வேலூர்த் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்டத்து உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் மதிப்புக்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் வழியில் தலையில் எதை அணியலாம், எதை அணியக் கூடாது என்பது பற்றி இந்த மடலை எழுதுகிறேன். சீருடை விதி வகுப்பறைக்கும் பள்ளி வளாகத்துக்கும் உரியது. சாலைக்கு உரியது அன்று. ஆகவே பிள்ளை வண்டியின் மேல் இருக்கும் வரை துணித் தொப்பியோ தலைக்கவசமோ அணிந்துகொள்ளலாம், வாசலில் இறங்கியதும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தெளிவான அனுமதியை ஒவ்வொரு பள்ளியும் எழுத்தில் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில், பெயர் வேண்டாம், தொப்பியோடு வந்த பிளஸ் ஒன் மாணவர்களின் தொப்பிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெற்றோர் வந்து கேட்டபோது, அது ஒழுங்கீனம் என்று பதில் கிடைத்தது. அந்தப் பதிலில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நடிகர் படமும் கட்சி நிறமும் போட்ட தொப்பிகள் வகுப்புக்குள் வருவதையும், விதிக்கு மாறான முடிவெட்டை மறைக்கத் தொப்பி பயன்படுவதையும் ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதற்காக வெயிலில் வருகிற எல்லாத் தலைகளிலிருந்தும் தொப்பியை எடுத்துவிடுவது, நோய் ஒருவனுக்கு என்றால் ஊருக்கே பத்தியம் போடுவது போலாகிறது.

நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அன்று. கத்திரி முடிந்து பள்ளி திறந்த பிறகும் ஜூன் மாதத்துக் காற்று அடுப்பங்கரைக் காற்றாகத்தான் இருக்கிறது. சூடு ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது கண்கூச்சம். கொணவட்டம், பொய்கை போன்ற மேற்குப் பக்கத்து ஊர்களிலிருந்து பெங்களூர் சாலை வழியாக நகருக்குள் வரும் மாணவருக்குக் காலையில் கிழக்கே பார்த்து மிதிக்க வேண்டியிருக்கிறது. மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து திரும்பும்போது மேற்கே பார்த்து மிதிக்க வேண்டியிருக்கிறது. போகும்போதும் வரும்போதும் சூரியன் அவர் நெற்றிக்கு நேராகவே நிற்கிறது. லாரிகள் விரையும் அந்தச் சாலையின் ஓரத்தில், ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மறு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளை மாலை வேளையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முன் பிரேக்கோ பின் பிரேக்கோ, ஒன்றுதான் அப்போது அந்தப் பிள்ளையின் கைக்கு எட்டும்.

இதற்கு மிதிவண்டிக்காரர்களிடம் பழைய தீர்வு ஒன்று உண்டு. பந்தய வீரர்கள் அணியும் சைக்கிளிங் கேப் என்பது மெல்லிய பருத்தித் துணியில் மூன்று நான்கு துண்டுகளைச் சேர்த்துத் தைத்த எளிய பொருள். முன்னால் இரண்டு மூன்று விரல் அகலத்தில் ஒரு சிறு விளிம்பு, பின்னால் எலாஸ்டிக். விளிம்பைக் கீழே இறக்கினால் வெயிலும் மழைத்துளியும் கண்ணில் படாது. வேண்டாதபோது மேலே மடக்கிவிடலாம். நெற்றி வியர்வையை உள்பட்டை உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டால் காற்றுப் பட்டு உலரும் வரை தலை குளிர்ச்சியாக இருக்கும். கடைகளில் கிடைக்கும் கிரிக்கெட் தொப்பி இந்த வேலையைப் பாதிதான் செய்யும்: அதன் நீண்ட விளிம்புக்கடியில் காற்றுப் புகுந்தால், பாலாற்றுப் பாலத்தின் மேல் குறுக்குக் காற்றடிக்கும் நேரத்தில், தொப்பி பறக்கிறது, அதைப் பிடிக்கப் பிள்ளையின் கை ஹேண்டில்பாரை விட்டு மேலே போகிறது, அல்லது பின்னால் வருபவரை எண்ணாமல் சட்டென்று வண்டியை நிறுத்துகிறது. சைக்கிள் தொப்பி தலையை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. உச்சியில் பொத்தானும் இல்லை என்பதால், அதன் மேல் தலைக்கவசம் போட்டாலும் மண்டையில் உறுத்தாது.

ஆனாலும் தொப்பி வெயிலுக்குத்தான், விழுந்தால் காக்காது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. பந்தய உலகமே இதை வெகு தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டது. 1991இல் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றபோது வீரர்கள் எதிர்த்து நின்று அதைக் கைவிட வைத்தார்கள். 1995இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மலையிறக்கத்தில் விழுந்து ஃபாபியோ காசர்தெல்லி இறந்தார். 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் விழுந்து ஆந்த்ரேய் கிவிலேவ் இறந்தார். இருவருமே தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அதே 2003இல்தான் விதி வந்தது. அதன் பிறகும் தொப்பி ஒழிந்துவிடவில்லை. தலைக்கவசத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கே தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. மிதிவண்டிக்கு அப்படி இல்லை. நானும் பள்ளிகள் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்கவில்லை. வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை வண்டியை நிறுத்திவிட்டு நெரிசல் பேருந்தின் படியில் தொங்குவதில் யாருக்கு என்ன லாபம்? ஆனால் நெடுஞ்சாலையைத் தொட்டு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்லலாம். சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: அப்பாவின் பைக் ஹெல்மெட் இதற்கு உதவாது. ஒரு கிலோ அளவுக்கு எடையுள்ள, காற்றோட்டம் குறைந்த, பிள்ளையின் தலைக்குத் தளர்ந்து ஆடும் அந்தக் கவசம் மிதிக்கிற பிள்ளைக்கு மூச்சுமுட்டலையும் கழுத்துவலியையும்தான் தரும். மிதிவண்டிக்கென்று செய்யப்படுவது முந்நூறு கிராம் அளவில், காற்றுத் துளைகளோடு இருக்கிறது. அது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு நேராக உட்கார வேண்டும். பின்னுக்குச் சாய்த்துப் போட்டால் நெற்றி திறந்து கிடக்கும். ஒரு தடவை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நசுங்கிவிடும். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

மாணவியர் விஷயம் இன்னும் கவனமாகப் பேச வேண்டியது. தொப்பிக்குத் தடை இருப்பதால் வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையிலும் முகத்திலும் சுற்றி, முடிச்சைப் பின்கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். மிதிக்க மிதிக்க முடிச்சு தளர்கிறது. முனை முதுகில் இறங்கி, கேரியரைத் தாண்டி, பின் சக்கரத்தின் கம்பிகளுக்குப் பக்கத்தில் ஆடுகிறது. வண்டியோடு வந்த துணிக்காப்பு வலை உடைந்துபோயிருந்தால் அந்த முனை சக்கரத்துக்குள் போக ஒரு வேகத்தடை போதும். போனால் இழுபடுவது கழுத்து. காதை மூடிய சுற்று பின்னால் வரும் ஹாரனை மங்கச் செய்கிறது; கன்னத்தோடு ஒட்டிய மடிப்பு பக்கவாட்டுப் பார்வையை அடைக்கிறது. தொப்பியை அனுமதித்தால் பலருக்கு இந்தச் சுற்றே தேவைப்படாது. சமய வழக்கப்படி முக்காடு அணியும் மாணவியரிடம் அதை எடுக்கச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. மெல்லிய துணியாக இருக்கட்டும், முனைகளை மேலங்கிக்குள் செருகட்டும், கவசம் அணிவதானால் ஊசியைப் பின்மண்டையில் குத்தாமல் பக்கத்தில் குத்தட்டும் என்று ஓர் ஆசிரியை அன்போடு சொன்னால் போதும்.

பையன்களின் ஹூடிக்கும் இதே கவனம் வேண்டும். அந்தத் தலைமூடி தலையோடு சேர்ந்து திரும்புவதில்லை. பின்னால் பார்க்கப் பையன் திரும்பினால் துணியின் உள்பக்கம்தான் அவன் கண்ணில் படும். மார்கழிப் பனிக்கு அம்மாக்கள் மாட்டிவிடும் குரங்குக் குல்லாவும் காதைப் பொறுத்தவரை அந்த வகைதான். மழைக்கோட்டின் தலைமூடிக்கு அடியில் விளிம்புத் தொப்பி ஒன்றைப் போட்டால் அது கண்ணை மறைக்காமல் நிற்கும்.

தலையில் எதை வைப்பது என்ற ஆணை எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் ஊரைவிட அறிந்த ஊர் இல்லை. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில் சிப்பாய்கள் மேல் சுமத்தப்பட்ட புதுத் தலைப்பாகையும், அதில் செருகிய தோல் சின்னமும், நெற்றிக்குறியும் காதணியும் கூடாது என்ற கட்டளையும் 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் வெடித்த கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களாயின. பின்னர் தளபதியும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அந்த உயிர்ப்பலியோடு பிள்ளைகளின் தொப்பியை ஒப்பிடுவது என் நோக்கம் அன்று. அணிகிறவரைக் கேட்காமல் மேலிருந்து விதி போட்டார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். தடை போடுவதற்கு முன் எந்தப் பிள்ளை எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தச் சாலையில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு வந்ததும் பிள்ளைகள் கையில் விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய அந்தத் திட்டம் பிறகு எல்லாருக்குமாக விரிந்து, எத்தனையோ பெண் பிள்ளைகளைப் படிப்பில் நிறுத்தியிருக்கிறது. வண்டி வழங்கும் விழா நடக்கும் அதே நாளில், அரை மணி நேரம் ஒதுக்கி, மேலே சொன்னவற்றை வண்டியோடு நின்று செய்து காட்டலாம்.

ஒழுங்குதான் கவலை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பள்ளிக்கு ஒரே நிறத்தில், எழுத்தும் படமும் இல்லாத தொப்பியை முடிவு செய்துகொள்ளலாம். சத்துணவுத் திட்டப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களிடமோ, பள்ளித் தெருவிலேயே இருக்கும் தையல்காரரிடமோ மாதிரி கொடுத்தால், சீருடை வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளிலேயே பெரும்பகுதி தைத்துவிடலாம். விளிம்புக்கு வளையும் பிளாஸ்டிக் தகடு மட்டும் தனியே வேண்டும். வெளிர் நிறமாக இருந்தால் சூடும் குறையும், இருட்டும் நேரத்தில் ஓட்டுநர் கண்ணிலும் படும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் இதைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். கூப்பிடும் பள்ளிக்கு, தைத்த மாதிரித் தொப்பி ஒன்றையும் அதன் வெட்டு அளவுத் தாளையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அதுவரை, இந்த வாரம் வாசலில் வாங்கி வைத்திருக்கும் தொப்பிகளைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் ஒரு பெற்றோர்,
காட்பாடி.