புது பிக்அப்பும் கரி வடிகட்டியும்

ஆசிரியருக்கு,

பழைய டீசல் பிக்அப்பைக் கொடுத்துவிட்டுப் புது மாடல் எடுத்தேன். ஏசி, ஏபிஎஸ் பிரேக் எல்லாம் சரி. பின்கதவை முட்டியால் இடித்து மூடும் வேலையும் ஒழிந்தது. ஆனால் புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டியைப் பற்றி விற்றவர் வாயே திறக்கவில்லை. அதில் சேரும் கரி எரிந்துபோக 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற வேண்டுமாம். சிமெண்ட் மூட்டையும் பைப்பும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக நின்று நின்று போகிறவனுக்கு அந்தச் சூடு எங்கே வரும்? கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அது சூடேறி எரிய நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் சீராக ஓட்டச் சொல்கிறார் மெக்கானிக். சரக்கு இறக்குவதா, விளக்கை அணைக்க ஊர் சுற்றுவதா? அப்புறம் புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியா கரைசல் தனிச் செலவு. தீர்ந்துபோனால், அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. புகை குறைவது நல்லதுதான், மறுக்கவில்லை. வண்டி எங்கே ஓடப்போகிறது என்று விற்பவர்கள் முதலில் கேட்கட்டும்.

– பிக்அப் வைத்திருக்கும் வாசகர்