ஒரே அளவில் வராதது அழகு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மண்பாண்டப் பயிற்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் "ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல் இருப்பதுதான் கைவேலையின் அழகு" என்று நடுவில் ஒரு வரி வந்ததே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

கும்பகோணத்தில் இருபது வருடம் தையல் கடை வைத்திருந்தவள் நான். ஒரே அளவில் இரண்டு ஜாக்கெட் கேட்டவரிடம் ஒன்றை இறுக்கமாகவும் இன்னொன்றைத் தொளதொளவென்றும் தைத்துக் கொடுத்துவிட்டு, "கைவேலைம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றால் அவர் சும்மா போயிருப்பாரா? மண்ணுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

கண் பார்வை கொஞ்சம் குறைந்ததும் கடையை நாத்தனார் மகளிடம் விட்டுவிட்டு, போன வருடம் வனையக் கற்றுக்கொள்ளலாம் என்று மூன்று நாள் முகாம் ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாள் அகல், மறுநாள் பூந்தொட்டி, மூன்றாம் நாள் ஜாடி, சாயங்காலம் சான்றிதழோடு ஒரு போட்டோ. எட்டுப் பொருள் செய்தேன், எதையும் இரண்டாவது தடவை செய்யவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தால் கையில் ஒன்றுமே தங்கவில்லை.

அப்புறம்தான் அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கும் குயவர் ஒருவரிடம், வயதில் பெரியவரிடம், போனேன். என்ன செய்யணும் என்று கேட்டார். மக் என்றேன். (மக் என்றால் நம் ஊரில் குளியலறை வாளிக்குள் மிதப்பது. நான் சொன்னது காது வைத்த காபிக் குவளை.) "சரிம்மா, அதை மட்டும் போடுங்க. அம்பது போட்டுட்டு வாங்க, காதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார்.

முதல் பத்தில் ஒன்று ஆழாக்குப் பிடித்தது, இன்னொன்று அதில் இரண்டு மடங்கு, உழக்கு. பத்தையும் ஈரமாக இருக்கும்போதே நூலால் நெடுக இரண்டாக அறுத்து என் முன்னால் வைத்துவிட்டார். அடியில் இட்லி கனம், வாயில் அப்பளம் கனம். வெளியே பார்த்தபோது சுமாராகத்தான் தெரிந்தது, அறுத்தபிறகுதான் மண் எங்கே மேலே ஏறாமல் அடியிலேயே தங்கிவிட்டது என்று புரிந்தது. அந்த ஒரு நாளில் கற்றுக்கொண்டது மூன்று நாள் முகாமில் கிடைக்கவில்லை.

அளவு சக்கரத்தில் ஆரம்பிப்பதில்லை, தராசில் ஆரம்பிக்கிறது. சமையலறைத் தராசை எடுத்துப்போய் ஒவ்வொரு உருண்டையும் 350 கிராம் என்று நிறுத்து வைத்துக்கொண்டேன். நன்றாகப் பிசையாத மண்ணில் காற்றுக் குமிழ் இருந்தால் சுவர் ஏறும்போது விரல் தட்டி ஆட்டம் கண்டுவிடும், அதனால் பிசைவதிலேயே பாதி நேரம் போகும். உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்துவதற்கு முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும், கை மட்டும் அழுத்தினால் மண்தான் கையை ஆட்டும். குழி தோண்டியதும் அடியில் ஊசியைக் குத்தி எவ்வளவு கனம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அடியை விரலால் நன்றாக அமுக்கி விடவேண்டும். அதை மறந்தால் காயும்போது அடியில் பாம்பு நெளிந்த மாதிரி விரிசல் விடும், நான் மறந்திருக்கிறேன். சுவரை மூன்றே தடவையில் ஏற்றிவிட வேண்டும். தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ஐந்தாறு தடவை இழுத்தால் மண் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

உயரத்துக்குப் பெரியவர் செய்து கொடுத்த கருவியைச் சொன்னால் சிரிப்பீர்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மண் உருண்டை, அதில் குத்திய குச்சி, குச்சியின் நுனியில் கட்டிய விளக்குமாற்று ஈர்க்கு. வாயின் விளிம்பு ஈர்க்கைத் தொட்டும் தொடாமலும் நின்றால் உயரமும் சரி, அகலமும் சரி. தவறிப் பட்டாலும் ஈர்க்கு வளையுமே தவிர குவளைக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் சுருக்கம். புதுப் பருத்தித் துணியை நனைத்துக் காயவைக்காமல் தைத்தால் என்ன ஆகும் என்று தையற்காரிக்குச் சொல்லித்தர வேண்டாம், ஆனாலும் மண்ணிடம் ஏமாந்துதான் போனேன். காய்ந்து சூளையில் வெந்து வரும்போது எங்கள் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. பத்தில் ஒன்றுதானே என்று விட்டால், உயரத்திலும் அகலத்திலும் எல்லாப் பக்கமும் சுருங்குவதால் கொள்ளளவில் கால் பங்குக்கு மேலேயே போய்விடும். ஈரத்தில் 300 மில்லி பிடித்தது வெந்த பிறகு 220 கூடப் பிடிக்காது. குளத்து மண் கட்டணமில்லாமல் எடுக்கலாம் என்று 2024-இல் அரசு அறிவித்தது நல்லதுதான், ஆனால் ஒரு குளத்து மண் மாதிரி இன்னொன்று சுருங்காது, மண் மாறினால் ஈர்க்கின் உயரத்தையும் மாற்றவேண்டும்.

காது வைப்பது தனிக்கதை. குவளை பாதி காய்ந்து, நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிகிற பதத்தில் ஒட்டவேண்டும். சித்திரை வெயிலில் அந்தப் பதம் ஒரு மதியத்தில் தாண்டிவிடும், ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்தால்தான் நிற்கும். ஐப்பசி மழையிலோ மூன்று நாள் ஆனாலும் வராது.

இவ்வளவும் நான் படுகிறேன். பெரியவர் தராசைத் தொடுவதே இல்லை. பெரிய மண்குவியலைச் சக்கரத்தில் வைத்து, அதன் உச்சியிலேயே ஒன்று போட்டு நூலால் அறுத்து எடுத்து, அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருப்பார். சூளையிலிருந்து வந்ததில் பத்தை எடுத்து மளமளவென்று தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன், அதிகம் போனால் ஒரு ஸ்பூன் வித்தியாசம். அதுவும் கைவேலைதானே? கோணலாக வருவதே கைவேலை என்று எழுதினால் அவர் எந்தக் கணக்கில் வருவார்?

கடைக்காரர்களுக்கும் இது விளையாட்டில்லை. 2019 ஜனவரி முதல் தேதி பிளாஸ்டிக் தடை வந்தபோது எங்கள் தெரு டீக்கடைக்காரர் எங்கிருந்தோ மொத்தமாக மண்குவளை இறக்கினார். ஆளுக்கு ஓர் அளவு. "அவருக்கு மட்டும் நிறையவா?" என்று காலை வியாபாரத்திலேயே சண்டை. ஒரு மாதத்தில் கண்ணாடி கிளாஸுக்குத் திரும்பிவிட்டார்.

என் கணக்கு இப்போது இப்படி இருக்கிறது: கடைசியாகப் போட்ட இருபதில் பதினாறு தேறியது, நாலில் துளசி வைத்திருக்கிறேன். முகாம் நடத்துகிறவர்கள் மூன்று நாளும் ஒரே குவளையைப் போட வைக்கட்டும், சொல்லித்தர ஊர்க் குயவரைக் கூப்பிட்டு அவருக்கு உரிய கூலியைக் கொடுக்கட்டும். உங்கள் புகைப்படக்காரரும் அடுத்த முறை சேறு படிந்த கையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், வனைந்தவற்றை ஒரு பலகையில் வரிசையாக வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்